சிவசங்கரி டீச்சரும் சிவப்புத் தொப்பியும்

உள் அறையில் 'மளுக்' என்று ஏதோ ஒடியும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் மைதாப் பசை கிளறிக்கொண்டிருந்த சிவசங்கரியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஐயோ, இருந்ததும் போயிற்றா!

"என்னங்க... என்னா ஒடைஞ்சது?"

கரண்டியைப் பசைக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அவள் கணவன் விமல்ராஜ் பாயின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் வெட்டிய அட்டைத் துண்டுகள். அவன் கையில் இரண்டாக ஒடிந்த ஒரு நீளத் துண்டு.

"பதறாத சங்கரி. ஒடைஞ்சது அட்டைதான். தொப்பி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்குது."

"அப்படியே இருக்குதா? அத ஒருதரம் நல்லா பாத்துட்டு சொல்லுங்க!"

இருவரும் பார்த்தார்கள். பாய் ஓரத்தில் கிடந்தது ஒரு சிவப்புத் தொப்பி. புதுச்சேரிப் போலீஸ்காரர்கள் தலையில் கம்பீரமாக நிமிர்ந்து நிற்குமே, அதே தொப்பிதான். ஆனால் இது நிற்கவில்லை. காலால் மிதித்த டம்ளரைப் போல ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. துணிக்கு உள்ளே விறைப்புக்காக வைத்திருந்த அட்டை தண்ணீரில் ஊறித் துண்டு துண்டாகக் கழன்றுவிட்டது.

கான்ஸ்டபிள் ராமதாஸின் தொப்பி அது. நாளை காலை கடற்கரைச் சாலையில் சுதந்திர தின அணிவகுப்பு. பல வருடங்களாகப் பின்வரிசையில் நடந்துகொண்டிருந்த மனிதருக்கு இந்த வருடம்தான் முன்வரிசையில் இடம் கிடைத்திருந்தது. அதற்காகவே கொடுத்த புதுத் தொப்பி. அதை நசுக்கியது சிவசங்கரியின் வகுப்பு.

தொப்பி மட்டும்தானா நசுங்கியது? அவளுடைய மூன்றாம் வகுப்பும் அல்லவா சேர்ந்து நசுங்கிக்கொண்டிருந்தது!

வில்லியனூர் சாலையில் இருக்கும் அந்தப் பள்ளியில் சிவசங்கரி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. இன்று காதோரம் நரைத்துவிட்டது. இத்தனை வருடமும் மூன்றாம் வகுப்புத்தான். மேல் வகுப்புக்குப் போகிறீர்களா என்று கேட்டபோதும் மறுத்துவிட்டாள். காரணம் ஒரு பாடம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே ஒரே ஒரு பாடம். கனசதுரம், கனசெவ்வகம், உருளை, கூம்பு, கோளம் என்று திண்ம வடிவங்களைப் பிரித்தறியும் பாடம் மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது.

அந்தப் பாடம் வரும் வாரத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பெட்டி வாரம்'. வீட்டில் என்ன இருக்கிறதோ அதைக் கொண்டு வரலாம். பற்பசைப் பெட்டி, பவுடர் டப்பா, பந்து, பிறந்தநாள் தொப்பி, தாயக்கட்டை. எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு டீச்சர் ஒதுங்கி நின்றுவிடுவாள். எது எதோடு சேரும் என்று பிள்ளைகளே பிரிக்க வேண்டும். முதல் நாள் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். அடுத்த நாள் தின்பது, தின்னாதது என்று பிரிப்பார்கள். சிவசங்கரி சிரித்துக்கொண்டே இருப்பாள். வாரக் கடைசிக்குள் எப்படியோ வந்து சேர்வார்கள். இது உருளும், இது உருளாது. இதற்கு முனை உண்டு, இதற்கு இல்லை. இதன் முகம் தட்டை, இதன் முகம் வளைவு. அந்த நேரத்தில் அந்தச் சின்ன முகங்களில் ஒரு வெளிச்சம் வருமே, அதற்காகத்தான் அவள் அந்த வகுப்பை விட்டு அசையவில்லை.

ஆனால் பெட்டி வாரத்துக்குப் பின்னாலேயே புகார்களும் வந்தன.

ஒரு பையன் அட்டைப்பெட்டி வேண்டுமென்று வீட்டில் இருந்த புது ரவையை வாளியில் கொட்டிவிட்டு வந்தான். அந்த வாளியில் அரை வாளி தண்ணீர் இருந்தது. போன வருடம் வீராம்பட்டினத்திலிருந்து வேனில் வரும் பாரதி என்ற பெண் குழந்தை, கை நிறைய மிதவைகளைக் கொண்டு வந்து பெருமையோடு கொட்டினாள். "எல்லாம் உருளை மிஸ்!" உருளைதான். ஆனால் அவள் அவற்றை அறுத்து எடுத்தது, விடியற்காலைக்காக மடித்து வைத்திருந்த அப்பாவின் வலையிலிருந்து! படகு ஒரு நாள் கரையிலேயே நின்றது. அவள் அம்மா பூவாயி மீன் கூடையோடு நேரே பள்ளிக்கு வந்துவிட்டாள்.

"ஏம்மா டீச்சரு, எம் புருசன் கடலுக்குப் போறதா, இல்ல ஒங்களுக்கு வட்டம் பிரிச்சுக் குடுக்கறதா?"

தலைமையாசிரியை கமலவேணி கண்டிப்பானவர். அன்று சொல்லிவிட்டார்.

"டீச்சர், வெளிய மூணாம் வகுப்புன்னுதான் போர்டு மாட்டியிருக்கு. பழைய பேப்பர் கடைன்னு மாட்டல. புத்தகத்துல படம் போட்டிருக்கா இல்லையா? அத எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வைங்க. இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், மூணாம் வகுப்ப மேனகா டீச்சர்கிட்ட குடுத்துட்டு ஒங்கள ஆபீஸ்ல உக்கார வெச்சுடுவேன்."

மனப்பாடம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் சிவசங்கரியின் உள்ளங்கை எரிந்தது.

அவளுடைய அப்பா சின்னக்கண்ணு முதலியார்பேட்டையில் ஆலைத் தொழிலாளி. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது வாத்தியார் கரும்பலகையில் ஒரு கனசதுரம் வரைந்து, எத்தனை விளிம்பு என்று கேட்டார். சிவசங்கரி எழுந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒன்பது. எத்தனை முனை? ஏழு. எத்தனை முகம்? மூன்று.

படத்தில் அவ்வளவுதான் தெரிந்தது! பின்பக்கம் மறைந்திருப்பதை அந்தக் குழந்தை எப்படிக் காண்பாள்? உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. "பன்னெண்டு, எட்டு, ஆறு. சொல்லு!" அவளும் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

அன்று மாலை கிணற்றடியில் அம்மாவுக்குத் துணி அலசிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையில் புதுச் சலவை சோப்புக் கட்டி. விரல் தானாக அதன் ஓரத்தில் ஓடியது. மேலே நாலு. கீழே நாலு. நிற்பது நாலு. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. மறுபடியும் எண்ணினாள். "அம்மா, பன்னெண்டும்மா! பன்னெண்டுதாம்மா!" என்று கத்திக்கொண்டு சோப்பு நுரையோடு தெருவுக்கே ஓடிவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்களாம்.

அந்தச் சோப்பைப் பிடித்த கையால் இன்னொரு குழந்தையைப் படத்தை மட்டும் பார்த்து எண்ணச் சொல்ல அவளால் முடியுமா? முடியவில்லை. இந்த வருடமும் பெட்டி வாரம் வந்தது. அதன் கடைசி நாள், இன்று, ராமதாஸின் மகள் இனியா ஒரு பையிலிருந்து அப்பாவின் சிவப்புத் தொப்பியை எடுத்தாள்.

இரவுப் பணி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குத் தெரியாமல் அலமாரி மேலிருந்து எடுத்து வந்திருந்தாள். பார்த்தவுடனே சிவசங்கரி அதை வாங்கிப் பூட்டி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. எத்தனையோ வருடப் பெட்டி வாரங்களில் இப்படி ஒரு பொருள் வந்ததே இல்லை! ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

"மிஸ், இது உருளை" என்று இனியா அதைப் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உருளை இல்ல மிஸ்" என்றாள் சிந்துஜா. அவள் வகுப்பின் வக்கீல். "மேல சின்னது, கீழ பெருசு."

"எங்கப்பா தொப்பி உருளைதான்! நீ சும்மா இரு!"

"ஒங்கப்பா போலீசுன்னா அதுக்காக உருளை ஆயிடுமா?"

"பாத்து சண்ட போடாதீங்க. தொட்டுப் பாத்து சண்ட போடுங்க" என்றாள் சிவசங்கரி.

சார்ட் தாளில் தொப்பியை நிமிர்த்தி வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார்கள். பிறகு கவிழ்த்து வைத்து மேல் பக்கத்தை வரைந்தார்கள். சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள் அடங்கிப்போனது. பவுடர் டப்பாவுக்கு இரண்டு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தியது. இனியாவின் உதடு துடித்தது.

"அப்ப கூம்பா மிஸ்?"

"கூம்புன்னா முனை இருக்கணுமே" என்றாள் சிந்துஜா.

பின்னாலிருந்து இளம்பரிதியின் குரல் வந்தது. "முனைய வெட்டிட்டாங்க மிஸ்! முனை வெட்டுன கூம்பு!"

வகுப்பே சிரித்தது. இனியாவும் சிரித்துவிட்டாள். சிவசங்கரிக்கு வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புத்தகம் சொல்லாததை ஒரு குழந்தை தன் வாயால் சொல்கிறதே! அதைப் பெரிய எழுத்தில் எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். திரும்பிக்கொண்டே அவள் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"சரி, மேல் முகம் தட்டையா இருக்கே, அது மேல ஒரு பொருள வெச்சா நிக்குமா?"

நின்றது. இளம்பரிதியின் புத்தகப்பை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரு விநாடி நின்றன. பிறகு தொப்பி உள்ளே போயிற்று. பாட்டில் மூடி கழன்று மொத்தத் தண்ணீரும் அதன் மேல் கொட்டியது.

மேனகா டீச்சர் வழியாகச் செய்தி மதியத்துக்குள் தலைமையாசிரியையின் அறைக்குப் போய்விட்டது. "அந்தப் போலீஸ்காரர் எழுதிக் குடுக்கட்டும், நாம அப்புறம் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார் கமலவேணி. சிவசங்கரி ராமதாஸுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இனியாவிடம், "தொப்பி மிஸ்கிட்ட இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லும்மா. மிஸ்ஸாலதான் கெட்டுச்சுன்னு சொல்லு. நீ ஒண்ணும் பண்ணல" என்று சொல்லி அனுப்பினாள். சாயந்திரம் அவரே கூப்பிட்டார். "வூட்லயா இருக்கீங்க? வரேன்." அவ்வளவுதான். கோபமா, வருத்தமா? அந்தக் குரலில் ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

விமல்ராஜ் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். விஷயம் தெரிந்ததும் கழிவுக் குவியலிலிருந்து நல்ல சாம்பல் அட்டையாகப் பார்த்து எடுத்து வந்துவிட்டான். "ஒரு பெட்டிக்கு நான் பயந்ததே இல்ல சங்கரி, இது என்னா பெரிய தொப்பி" என்று சொல்லி நேராக ஒரு நாடா வெட்டி, சுருட்டி, உள்ளே நுழைத்தான். கீழே சரியாக இருந்தது. மேலே துணி தொளதொளவென்று தொங்கியது. மேல் பக்கத்தை இழுத்துக் குறுக்கினான். 'மளுக்.'

அந்தச் சத்தம்தான் அவளை அடுப்படியிலிருந்து ஓடிவர வைத்தது.

"வெட்டுன அட்டையும் போச்சு" என்றான் விமல்ராஜ். இப்போது அவன் குரலில் பழைய தைரியம் இல்லை. "நேராத்தானே வெட்டினேன்? ஒரு நூல் பிசகல."

"நேரா வெட்டினதுதாங்க தப்பு." சிவசங்கரி அந்த ஒடிந்த நாடாவையே பார்த்தாள். பயத்தில் காலையிலிருந்து மறந்து போயிருந்த ஒன்று மெல்லத் திரும்பி வந்தது. "நேரான நாடாவ சுருட்டுனா மேலயும் கீழயும் ஒரே வட்டம்தான் வரும். அது உருளை. இது உருளை இல்லீங்க. இது... முனை வெட்டுன கூம்பு!"

"எந்த வூட்டுக் கூம்பு?"

"எங்க இளம்பரிதி வூட்டுக் கூம்பு! எழுந்திரிங்க, பேப்பர் எடுங்க!"

பைக்குள் மடித்து வைத்திருந்த சார்ட் தாளை எடுத்துத் தரையில் விரித்தாள். பிள்ளைகள் வரைந்த இரண்டு வட்டங்களும் அதில் இருந்தன. பழைய செய்தித்தாளைக் கடலைப் பொட்டலம் சுருட்டுவதுபோலச் சுருட்டினாள். அதன் வாயைப் பெரிய வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தளர்த்தினாள். தொப்பியின் நசுங்காத பக்கத்தில் விரல்களை வைத்து உயரம் பார்த்து, அதே உயரத்தில் பொட்டலத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே இருந்த கூரான பகுதியை வெட்டி எறிந்தாள். வெட்டிய வாயைச் சின்ன வட்டத்தின் மேல் வைத்தாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"வரல" என்றான் விமல்ராஜ்.

"வரும்."

இன்னொரு தாள். இன்னொரு பொட்டலம். இந்த முறை சுருட்டலை இன்னும் அகலமாக விரித்தாள். வைத்தாள். பொருந்தியது! பென்சில் கோட்டின் மேல் காகிதம் அப்படியே உட்கார்ந்தது. சுருட்டலைப் பிரித்துத் தரையில் விரித்தபோது அது நாடாவாக இல்லை. உடைந்த பெரிய வளையல் துண்டைப் போல வளைந்து கிடந்தது.

விமல்ராஜ் அதைச் சற்று நேரம் பார்த்தான். "கம்பெனிக்கு வந்த நாள்லேர்ந்து மடிக்கிறேன். ஒரு பெட்டியும் இப்பிடி வளைஞ்சு நின்னதில்ல. ஒன் கிளாசுல எனக்கு ஒரு சீட்டு கெடைக்குமா?"

"மொதல்ல எனக்கு சீட்டு இருக்குதான்னு பாப்போம். வெட்டுங்க."

அவன் கை தேர்ந்த கை. வளைவைக் குறித்துக்கொண்டு ஒரே இழுப்பில் அட்டையை வெட்டினான். அவள் பசை தடவினாள். இருவருமாகத் துணிக்குள் அட்டையை நுழைத்து, உள்பக்கம் மெல்லிய துணி வைத்து ஒட்டினார்கள். சிவப்புத் துணி இழுபட்டு, சுருக்கம் நீங்கி, மெல்ல நிமிர்ந்தது. சிவசங்கரியின் கண்ணில் நீர் முட்டியது.

ஆனால் பசை ஈரமாக இருந்தது. காய்வதற்குள் மறுபடி கோணிவிட்டால்? ஏதாவது ஒன்றின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். சொம்பு சிறியது. குடம் பெரியது. குக்கர் சரியாக இருந்தது, ஆனால் கைப்பிடி இடித்தது. சிவசங்கரி வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் கணவனின் தலையைப் பார்த்தாள்.

"வேணாம் சங்கரி."

"காத்தாடிக்கு கீழ உக்காருங்க. கொஞ்ச நேரம்தான்."

"எவனாவது பாத்தா என்னா நெனைப்பான்?"

"யாரு வரப் போறா இப்ப?"

அழைப்பு மணி அடித்தது.

இருவரும் சிலையானார்கள். தலையை ஆட்டினால் அட்டை நகர்ந்துவிடும் என்று விமல்ராஜ் அசையாமல் உட்கார்ந்தான். சிவசங்கரி கதவைத் திறந்தாள்.

வாசலில் லுங்கியும் டீ-ஷர்ட்டுமாக ராமதாஸ் நின்றிருந்தார். கூடவே அழுது வீங்கிய முகத்தோடு இனியா. இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. ராமதாஸ் உள்ளே பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே, பனியனும் கைலியுமாக ஓர் ஆள், தலையில் போலீஸ் தொப்பியோடு கைகட்டி உட்கார்ந்திருந்தான். விமல்ராஜுக்கு என்ன தோன்றியதோ, கை தானாக உயர்ந்து ஒரு சல்யூட் அடித்தது.

ராமதாஸும் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டார். பிறகுதான் சுதாரித்துக்கொண்டார்.

"யாருண்ணே நீங்க? எந்த ஸ்டேஷன்?"

"மேட்டுப்பாளையம் அட்டை கம்பெனி சார்" என்றான் விமல்ராஜ் பரிதாபமாக. "பசை காயல சார். அதான்..."

அழுதுகொண்டிருந்த இனியா களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பா திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உக்காருங்க சார்" என்றாள் சிவசங்கரி. சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டாள். "கொழந்தைமேல எந்தத் தப்பும் இல்ல. பாத்த உடனே எடுத்து பத்திரமா வெச்சிருக்கணும். வெக்கல. அது மேல பாரம் வெச்சுப் பாக்கச் சொன்னதும் நான்தான். எங்களால முடிஞ்ச அளவுக்கு சரி பண்ணியிருக்கோம். நீங்க பாத்துட்டு, ஒங்களுக்கு எழுதிக் குடுக்கணும்னு தோணினா எழுதிக் குடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டாளா! அந்த வார்த்தையைச் சொல்லும்போது, தரையில் கொட்டிக் கிடக்கும் டப்பாக்களும் அவற்றைச் சுற்றிக் குனிந்த தலைகளும் அவள் கண்முன் வந்து போயின.

ராமதாஸ் விமல்ராஜின் அருகே போனார். தொப்பியை இரு கையாலும் மெதுவாகக் கழற்றினார். விளக்கின் அடியில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நசுங்கிய பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது திருப்பி அழுத்தியது.

"ஒங்க ஹெச்.எம். மேடம் எனக்கு போன் பண்ணாங்க டீச்சர்" என்றார். "புகாரா எழுதிக் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்னாங்க. கோவத்துல சரின்னுட்டேன். வூட்ல இவ அழறா. சரி, திட்டுவேன்னு அழறான்னு நெனச்சேன். 'அப்பா, ஒன் தொப்பி உருளை இல்லப்பா'ன்னு அழறா. எனக்கு ஒண்ணும் புரியல."

"அது உருளைதான்னு நான் சண்ட போட்டேன்ல" என்றாள் இனியா.

"அதுக்கப்புறம் வுட்டாளா? வூட்ல இருக்குற சாமான் எல்லாத்தையும் எடுத்து உருட்டறா. என் சாப்பாட்டு கேரியர் உருளையாம். தலகாணி எதுலயும் சேராதாம். இவங்கம்மா தேவிப்பிரியா சப்பாத்திக் கட்டைய தேடிட்டு இருக்கா, இவ அத கட்டிலுக்கு அடியில வெச்சிக்கிட்டு யோசிக்கறா." அவர் இனியாவைத் திரும்பிப் பார்த்தார். "இதுவரைக்கும் ஸ்கூல்ல என்னா நடந்துச்சுன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்பா டீச்சர். அதுக்கு மேல ஒரு வார்த்த வராது. இன்னிக்கு வாயே மூடல."

சிவசங்கரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ராமதாஸ் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தொப்பியை அணிந்தார். நேராக நின்றார். லுங்கி கட்டியிருந்த மனிதர் ஒரு கணம் அணிவகுப்பின் முன்வரிசைக்கே போய்விட்டார்.

"கோணலா இருக்குதா இனியா?"

இனியா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "மேல் முகம் தட்டையா இருக்குப்பா. சுத்தி வளைவும் சரியா இருக்கு."

அவர் போனை எடுத்தார். எண்ணைத் தட்டினார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"வணக்கம் மேடம். இனியா அப்பா பேசறேன்."

"சொல்லுங்க சார். எழுதிட்டீங்களா?" கமலவேணியின் குரல்.

"இல்ல மேடம். ஸ்டேஷன்ல தெனம் புகார் வாங்கறவன் நான். பொருள் காணோம், இல்ல பொருள் கெட்டுச்சு, ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் எழுத முடியும். தொப்பி என் தலையில இருக்குது. நல்லா இருக்குது. என்னத்த எழுதறது?"

"நல்லா பாத்தீங்களா சார்? நாளைக்கு கழண்டு வுழுந்துச்சுன்னா?"

"வுழுந்தா நானே எடுத்து போட்டுக்கறேன் மேடம்."

"ம்... சரி. அந்த டீச்சர்கிட்ட சொல்லுங்க. அடுத்த வருஷமாவது காலி டப்பா மட்டும் கொண்டு வரச் சொல்லட்டும்."

அடுத்த வருஷம்! சிவசங்கரியின் காதில் அந்த ஒரு சொல் மட்டும்தான் விழுந்தது. அடுத்த வருஷமும் அவளுக்கு மூன்றாம் வகுப்பு உண்டு! கண்ணீர் பெருகி வழிந்தது. விமல்ராஜ் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். தொப்பி இல்லாத அவன் தலையில் மைதாப் பசை திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லணும் டீச்சர்" என்றார் ராமதாஸ், போனை வைத்துவிட்டு. குரல் சற்றுக் கறாராக மாறியது. "ஹெச்.எம். மேடம் சொன்னதும் ஞாயம்தான். என் பொண்ணு கேக்காம எடுத்துட்டு வந்தது தப்பு. என்னா கொண்டு போறேன்னு பெத்தவங்ககிட்ட காட்டிட்டுத்தான் கொண்டு வரணும்னு நீங்க கண்டிப்பா சொல்லணும். என் துப்பாக்கிய தூக்கிட்டு வந்தா என்னா பண்ணுவீங்க?"

"சொல்றேன் சார். கட்டாயம் சொல்றேன்."

"ஒங்ககிட்ட துப்பாக்கி இருக்குதா சார்?" என்று விமல்ராஜ் ஆவலோடு கேட்டான்.

"லத்திதாண்ணே" என்றார் ராமதாஸ்.

"லத்தி உருளைப்பா" என்றாள் இனியா.

சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. சிவசங்கரி காபி போட்டுக் கொடுத்தாள். ராமதாஸ் தொப்பியைக் கழற்றாமலே குடித்தார். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை, கழற்றிக் கையில் எடுத்துப் போனால் அமுங்கும் என்று விமல்ராஜ் எச்சரித்திருந்தான். "அப்ப போட்டுக்கிட்டே நடந்து போயிடறேன்" என்றார் அவர். காலையில் அயர்ன் பெட்டி எதையும் அதன் மேல் வைக்க வேண்டாம் என்றும், தூங்கும்போது பானையின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும் என்றும் சொல்லிக் கொடுத்தான். ஒருவருக்கொருவர் எத்தனையோ நாள் பழகியவர்கள்போல இருவரும் அட்டையின் தடிமன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது இனியா திரும்பினாள்.

"மிஸ், நாளைக்கு அப்பாவ பாக்க வருவீங்களா? முன்வரிசைல கடைசி ஆளு."

"வரேன்டா கண்ணு."

"சாரையும் கூட்டிட்டு வாங்க."

லுங்கிக் கட்டைச் சரிசெய்துகொண்டு, தலையை அசைக்காமல், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு ராமதாஸ் படியிறங்கினார். எதிர்வீட்டு வாசலில் தெருவை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தவர் சிவப்புத் தொப்பியைக் கண்டதும் பதறி எழுந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார். ராமதாஸ் அவரைக் கவனிக்கவே இல்லை. இனியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து எதையோ கேட்டுக்கொண்டே நடந்தாள். அவரும் குனியாமல் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

அவர்கள் தெருமுனையில் திரும்பும்வரை சிவசங்கரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மனம் நிறைந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.